குஞ்சுக்குத் தண்ணி வைக்க எந்தப் போத்தல்?

கேள்வி: கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. டவுன் கடையில் பொரித்து ஒருநாளான குஞ்சு 20 வாங்கினேன். தட்டில் கவிழ்த்து வைக்கும் 3 லீற்றர் தண்ணிப் போத்தலும் விட்டமின் பவுடரும் கட்டாயம் வேண்டும் என்று கடைக்காரர் சேர்த்துக் கட்டிவிட்டார். இரண்டாம் நாள் விடிய எழும்பிப் பார்த்தால் நாலு குஞ்சு தண்ணித் தட்டுக்குள்ளேயே நனைந்து செத்துக் கிடந்தது. போத்தலும் ஒழுகுகிறது. மாற்றித் தரமாட்டாராம். இனி எதைத்தான் வாங்குவது?

பதில்: தங்கச்சி, அந்தப் போத்தல் வளர்ந்த கோழிக்கு. அதன் தட்டு அகலம், ஆழமும் கூட. முட்டைக் கோழிக் குஞ்சு 20 சேர்ந்தாலும் முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு அரை லீற்றர் அளவில்தான் குடிக்கும். ஒரு லீற்றர் போத்தல் தாராளம். வாங்கும்போது லீற்றரைப் பார்க்காதீர்கள், தட்டைப் பாருங்கள். அலகு மட்டும் நுழையும் ஒடுக்கமான பள்ளமாக இருக்க வேண்டும். குஞ்சு இறங்கி நிற்க இடம் இருக்கக் கூடாது. கையிலிருக்கும் பெரிய போத்தலை வீச வேண்டாம். ஊற்றுத் தண்ணி விழும் பீலிக்கரையில் பொறுக்கிய கூழாங்கல்லைக் கழுவித் தட்டு நிறையப் போட்டால், கல்லிடுக்கில் நிற்கும் தண்ணியை மட்டும் குடிக்கும். கோழி பெரிதானதும் கல்லை எடுத்துவிடலாம்.

ஒழுகுகிறது என்றீர்களே, முதலில் அதைச் சமதரையில் வைத்துப் பாருங்கள். லயத்துக் காம்பராத் தரை சரிவென்றால் நல்ல போத்தலும் வழியும். சமதரையிலும் வழிந்தால் ஓட்டையைப் பாருங்கள். போத்தலிலிருந்து தட்டுக்குத் தண்ணி வரும் ஓட்டை தட்டின் விளிம்பை விடக் கீழே இருக்க வேண்டும். தண்ணி ஓட்டையை மூடியதும் உள்ளே காற்றுப் போகாது, வரத்து நின்றுவிடும். ஓட்டை விளிம்புக்கு மேலே இருந்தாலோ போத்தலில் வெடிப்பு இருந்தாலோ நிற்கவே நிற்காது. அடுத்த முறை கடையிலேயே தண்ணி ஊற்றிக் கவிழ்த்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். காசே செலவழிக்காமலும் செய்யலாம்: ஒரு யோகட் கப்பில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஓட்டை போட்டு, தண்ணி நிரப்பி, ஓட்டை மறையும் அளவு விளிம்புள்ள சின்னத் தட்டால் மூடிக் கவிழ்த்தால் அதே வேலை நடக்கும்.

ஆனால் நாலு குஞ்சையும் கொன்றது ஆழம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் ஊர் நுவரெலியாவுக்குப் பக்கம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அந்தக் குளிரில் முதுகு நனைந்த குஞ்சு விடியும்வரை தாங்காது. முதல் வாரம் குஞ்சு இருக்கும் இடத்தில் 35 பாகை செல்சியஸ் அளவு சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகை குறைத்துக்கொண்டு போகலாம். பீலித் தண்ணியை அப்படியே வைக்காமல் கொதிக்க வைத்து ஆற்றி, விரலை விட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கும்போது வையுங்கள். பிளாஸ்க்கில் கொஞ்சம் சுடுதண்ணி இருந்தால் இரவிலும் கலந்து மாற்றலாம். சூட்டுக்குத் தொங்கவிடும் பல்புக்கு நேர் கீழே போத்தலை வைக்காதீர்கள். சூடு படும் வட்டத்தின் ஓரம் போதும்.

இன்னொன்று. கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சுக்குத் தாய் கொத்திக் காட்டும். இன்குபேட்டர் குஞ்சுக்கு யார் காட்டுவது? பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொன்றாகப் பிடித்து அலகின் நுனியை மட்டும் தண்ணியில் தொட்டுவிடுங்கள். மூக்கு நனையக் கூடாது. நாலைந்து பழகினால் மற்றவை பார்த்துக் குடிக்கும். முதலில் தண்ணி, ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்துத் தீன்.

விட்டமின் பவுடர் கட்டாயமில்லை. மூட்டையில் வரும் குஞ்சுத் தீனில் விட்டமின் சேர்த்தே இருக்கிறது. பஸ்ஸில் வந்து சோர்ந்த குஞ்சுக்கு ஒரு லீற்றர் தண்ணியில் 50 கிராம் சீனி கரைத்து முதல் அரை நாள் கொடுங்கள், பிறகு வெறும் தண்ணி. அந்தப் பவுடர் காசுக்கு ஒரு பல்பு கூட வாங்கியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

மாற்றித் தராததற்கு: பில் இருக்கிறதா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. பில்லோடு போய் இன்னொரு தரம் கேளுங்கள். அசையாவிட்டால் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: தடுப்பு மருந்தைத் தண்ணியில் கலக்கச் சொன்னார்கள். குழாய்த் தண்ணி சரியா? (பதுளை)

பதில்: குளோரின் போட்ட தண்ணி சரிவராது. மருந்தில் உயிரோடிருக்கும் கிருமியைக் குளோரின் கொன்றுவிடும். கொதித்து ஆறிய ஊற்றுத் தண்ணி எடுங்கள். அன்று போத்தலைச் சவர்க்காரம் போடாமல் கழுவுங்கள். ஒன்றிரண்டு மணித்தியாலம் தண்ணி காட்டாமல் வைத்திருந்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்கும் அளவு மட்டும் கலந்து வையுங்கள்.