சைக்கிள் வந்துவிட்டது, வழி எங்கே? – வாசகர் கேள்வி பதில்

தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் சைக்கிளில் போகிறவர்கள் சாலையில் படும் பாட்டைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இடமில்லை, ஆறு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். பள்ளி நாலு கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் நாலுவழிச் சாலையைக் கடக்க வேண்டும். லாரிகளைப் பார்த்துவிட்டு அவள் அப்பா கூடவே கூடாது என்கிறார். சைக்கிள் திண்ணையில் துருப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவர் சொல்வது சரிதானா?
– ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அவர் பயத்தில் நியாயம் இருக்கிறதம்மா, அதைச் சண்டை போட்டுத் தீர்க்க முடியாது. அந்தப் பயம் சைக்கிளால் வந்ததில்லை, அந்த ஒரு கிராஸிங்கால் வந்தது. மீதி மூன்றே முக்கால் கிலோமீட்டரில் அவளைப் போக விடமாட்டேன் என்று அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

இந்தத் திட்டம் 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரிந்தது. ஆண்டுக்கு ஐந்து லட்சத்தை ஒட்டி சைக்கிள்கள் போகின்றன. அரசே கையில் கொடுத்த வண்டி ஓடுவதற்கு வழி கேட்பது சலுகை கேட்பதாகாது, இதை மனதில் நன்றாக நிறுத்திக்கொண்டு அப்புறம் மனு எழுத உட்காருங்கள்.

முதலில் இதே நிலையில் இருக்கும் நாலைந்து பெற்றோரைக் கூட்டிக்கொண்டு, பள்ளி தொடங்கும் நேரத்தில் ஒரு நாளும் விடும் நேரத்தில் ஒரு நாளும் அந்த இடத்தில் போய் நில்லுங்கள், உங்கள் வீட்டுக்காரரும் வரட்டும். வண்டிகள் எங்கே வேகம் குறைக்கின்றன, எங்கே குறைப்பதே இல்லை, பாதிச் சாலையைக் கடந்த பிள்ளை நடுவில் சைக்கிளோடு நிற்க இடம் இருக்கிறதா, மாலையில் விளக்கு எரிகிறதா, சுரங்கப்பாதை இருந்தால் அதில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறதா, இவற்றைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "பாதுகாப்பு வேண்டும்" என்று பொதுவாக எழுதிய மனு எந்த மேசையிலும் தங்காது. "இந்த இடத்தில் நடுத்திட்டை சைக்கிள் நிற்கும் அளவுக்கு அகலப்படுத்துங்கள், இங்கே வேகத்தடுப்பு வையுங்கள், இந்த விளக்கை எரியவிடுங்கள்" என்று எழுதினால் யாராவது ஒருவர் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். அதன் நகலோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள், மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். மனு எண்ணை வாங்காமல் வந்துவிடாதீர்கள். இரண்டு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால், அந்த மனு மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அதுவரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்த வழியில் வரும் பிள்ளைகள் தனித்தனியாகப் போகாமல் ஒரே நேரத்துக்குக் கூடிப் போகட்டும், கிராஸிங்கில் மட்டும் இரண்டு பெரியவர்கள் முறை வைத்து நின்று கடத்திவிடலாம். பத்து சைக்கிள் ஒன்றாக நின்றால் லாரிக்காரர் கண்ணில் தூரத்திலேயே படும்.

கேள்வி: சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமா?
– ஒரு கல்லூரி மாணவர், சேலம்

பதில்: சட்டப்படி இல்லை, தம்பி. சைக்கிள் மோட்டார் வாகனம் கிடையாது, லைசென்ஸும் வேண்டாம். போட்டுக்கொண்டால் நல்லது, கீழே விழும்போது தலைக்குக் காவல். ஆனால் ஒரு சைக்கிள்காரர் லாரியில் அடிபட்டால் "ஹெல்மெட் போட்டிருந்தாரா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கிறதே, அதற்குத் தலையாட்டாதீர்கள். லாரி என்ன வேகத்தில் வந்தது என்று கேளுங்கள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் இடி, முப்பதில் வருவதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

கேள்வி: நாங்கள் இருபது பேர் ஞாயிறுதோறும் காலையில் சைக்கிள் ஓட்டுகிறோம். சைக்கிள் பாதை கேட்டு மாநகராட்சிக்கு மூன்று முறை மனு கொடுத்துவிட்டோம். "சைக்கிள் ஓட்டுகிறவர்களே இல்லாத ஊரில் பாதை எதற்கு?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– ஒரு சைக்கிள் குழு, கோயம்புத்தூர்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்த முறை பத்தியே எழுத உட்கார்ந்தேன்.

ஓட்டுகிறவர்கள் இல்லை என்பது உண்மையில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவசாயம், வீட்டுத்தொழில் அல்லாத வேலைக்குப் போகிறவர்களில் எட்டில் ஒருவர் சைக்கிளில் போவதாகத்தான் இந்தியா முழுக்கக் கணக்கு வந்தது. அவர்கள் எங்கே என்றால், அதிகாரிகள் அலுவலகத்துக்கு வரும் பத்து மணிக்கு அவர்கள் சாலையில் இல்லை. விடியற்காலை பால்காரர், பேப்பர் போடும் பையன், ஷிஃப்ட் முடிந்து திரும்பும் வாட்ச்மேன், கேரியரில் சாப்பாட்டுத் தூக்கோடு கட்டட வேலைக்குப் போகிறவர், எட்டரைக்குப் பள்ளிப் பிள்ளைகள். நான் ஒருமுறை எங்கள் ஊர் ரவுண்டானா பக்கத்து டீக்கடையில் காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கோடு போட்டு எண்ணினேன். ஆறரைக்குள் ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று. கடைக்காரரே நம்பவில்லை, அவர் கடைக்கு முன்னால்தான் அத்தனை பேரும் தினமும் போகிறார்கள்.

அதனால் நாலாவது மனுவைக் கொடுப்பதற்கு முன்னால் எண்ணுங்கள். உங்கள் இருபது பேரும் நாலு சந்திப்புகளில் ஐந்தைந்து பேராக, ஒரு வேலைநாளில் (ஞாயிறு வேண்டாம்) காலையும் மாலையும் எண்ணுங்கள். ஆண், பெண், பள்ளிப்பிள்ளை, சுமையோடு போகிறவர் என்று பிரித்து எழுதுங்கள். சிக்னலில் நிற்பவர்களிடம் எந்த இடத்தில் பயமாக இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த தடவை மனு கொடுக்கப் போகும்போது உங்கள் பனியன், ஹெல்மெட்டோடு இருபது பேர் போகாமல், அந்த வாட்ச்மேனையும் பால்காரரையும் ஒரு பள்ளி மாணவியையும் முன்னால் நிறுத்திப் பேசச் சொல்லுங்கள். இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: விருப்பத்துக்கு ஓட்டுகிறவர்கள் கேட்டால் அது பொழுதுபோக்குக் கோரிக்கையாகத்தான் ஃபைலில் ஏறுகிறது, பிழைப்புக்கு ஓட்டுகிறவர் கேட்டால் அப்படித் தள்ள முடியாது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த 198ஏ பிரிவின்படி, சாலையை வடிவமைத்தவர், போட்டவர், பராமரிப்பவர் உரிய தரத்தைக் கடைப்பிடிக்காமல் அதனால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உங்கள் ஊர் எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட சாலைப் பாதுகாப்பு வழக்கு தெரிந்திருக்கும். அதே வழக்கில்தான் 2025 அக்டோபரில், நடப்பவர்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்குமான விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கோவைக்காரர்கள் நீங்கள் அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதலாம். சைக்கிள் பாதையை எப்படிப் போட வேண்டும் என்பதற்கு, சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் 11-ம் எண் விதிநூல் 1962-லேயே வந்து, 2015-ல் திருத்தவும் பட்டிருக்கிறது. எப்படிப் போடுவதென்று தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

சென்னை வாசகர்கள் இரண்டு பேரும் இதையே கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மாநகராட்சி 2014-லேயே மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்று, போக்குவரத்துச் செலவில் அறுபது சதவீதத்தை நடப்பதற்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாகச் சொன்னது. உங்கள் வார்டில் அதில் எவ்வளவு வந்தது என்று, பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபையில் எழுந்து கேளுங்கள்.

கேள்வி: நிறுத்தியிருந்த காரின் கதவைத் திடீரென்று திறந்ததில் மோதி விழுந்தேன். ஓரமாகத்தானே போனேன், என் மேல் என்ன தப்பு?
– பனியன் கம்பெனித் தொழிலாளி, 58 வயது, திருப்பூர்

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை ஐயா. எனக்கும் இதே போல நடந்து தோள்பட்டை ஆறு வாரம் கட்டில் இருந்தது. நம் எல்லாருக்கும் "ஓரமாப் போ" என்று சொல்லியே வளர்த்துவிட்டார்கள், அந்த ஓரத்தில்தான் கார் கதவும் மணலும் உடைந்த கண்ணாடியும் வடிகால் மூடியும் இருக்கின்றன. நிற்கும் வண்டிகளிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளி, வளையாமல் நேராக ஓட்டுங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டரும், இரவு ஷிஃப்ட் என்றால் முன்னும் பின்னும் விளக்கும் போடுங்கள்.

அந்த வடிகால் மூடி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி மூடியைச் சில இடங்களில் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே இருக்கும்படி பதித்துவிடுகிறார்கள், சைக்கிள் டயர் நேராக உள்ளே இறங்கி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். மூடியைத் திருப்பிக் கம்பிகள் குறுக்கே வரும்படி போட்டால் போதும். உங்கள் தெருவில் அப்படி இருந்தால் இன்றைக்கே கவுன்சிலரிடம் காட்டுங்கள், ஒரு நாள் வேலை அது.

கேள்வி: நெதர்லாந்து மாதிரி நாட்டில் சரி, நம் ஊரில் இதெல்லாம் நடக்குமா?
– ஓர் ஆசிரியர், மதுரை

பதில்: நெதர்லாந்தும் அப்படியே பிறந்த நாடு இல்லை சார். கார் பெருகிப் பெருகி 1971-ல் மட்டும் அங்கே சாலையில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400-க்கு மேல் குழந்தைகள். தன் மகளைச் சாலையில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று எழுதினார், அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய் தகப்பன்மார் பிள்ளைகளோடு தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டதும் காலியான சாலையை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகுதான் இன்று நாம் படத்தில் பார்க்கும் பாதைகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் கேட்டவர்கள் பெற்றோர்கள், உங்கள் பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது.

கேள்வி: எனக்கு 47 வயது. சைக்கிள் ஓட்டத் தெரியாது. மகளிர் குழுக் கூட்டத்துக்கும் ரேஷன் கடைக்கும் யாரையாவது எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா? சிரிப்பார்களே அக்கா.
– ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: நீங்கள் எந்த மாவட்டத்திலிருந்து கேட்கிறீர்கள் என்று பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல் உடைக்கும் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் மைதானங்களில் விழுந்து எழுந்து கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டினார்கள், பார் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே பிடித்துப்போனவர்களும் உண்டு. அன்றைக்கும் சிரித்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பெண்களில் பலர் இன்று அறுபதைத் தாண்டி உங்கள் தெருவிலேயே இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள், கற்றுக்கொடுக்க அவர்களைவிட நல்ல ஆள் கிடைக்காது.

சின்ன சைக்கிளாக எடுத்து, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும் அளவுக்கு சீட்டை இறக்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் பெடலைத் தொடவே வேண்டாம், காலால் தள்ளித் தள்ளி வண்டி உருளட்டும். பார்வை முன்சக்கரத்தில் வேண்டாம், தூரத்தில் ஒரு மரத்தைப் பாருங்கள். புடவையென்றால் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், செயினுக்கு மூடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குழுவில் இன்னும் யாருக்குத் தெரியாது என்று கேட்டு இரண்டு பேரையாவது சேர்த்துக்கொண்டு காலையில் பள்ளி மைதானத்துக்குப் போய்விடுங்கள், ஆளுக்குப் பத்து நிமிஷம் மாற்றி மாற்றி ஓட்டலாம். ரேஷன் கடைக்குப் போய்வந்த அன்று எனக்கு எழுதுங்கள்.