காலரைத் திருப்பித் தைத்த சட்டை

அன்புள்ள ஐயாவுக்கு,

அவசரப்பட்டு வாங்கிக் குவிக்காமல், உடையை நெடுநாள் போடச் சொல்லும் ஸ்லோ ஃபேஷன் பற்றிச் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனசு கேட்காமல் போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியையே காலி செய்துவிட்டேன். மலிவாக வாங்கிக் குவித்தது மூன்று மூட்டை தேறியது. ஆறேழு உடைகளில் விலைச்சீட்டைக்கூடப் பிரிக்கவில்லை. ஆசையாக வாங்கிய ஒரு நீலச் சட்டை, இரண்டாவது சலவையிலேயே பட்டன் விழுந்துவிட்டது, அதுவும் மூட்டையில்தான். எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட்டு, இனிமேல் நல்ல உடைகளாக மட்டும் வாங்கப் போகிறேன். பருத்தி நல்லதா, லினன் நல்லதா? இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு மட்டும்தானா? உண்மையில் இதனால் என்ன பலன்? தூக்கம் வராத ராத்திரிகளில்தான் நான் அதிகம் வாங்கியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிர்மலா

அன்புள்ள நிர்மலா,

அந்தக் கடைசி வரியை எழுதத் தைரியம் வேண்டும். அதற்காகவே உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். தூக்கம் வராத ராத்திரியில், நமக்காக ஏதோ ஒன்று கிளம்பி வந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பே ஒரு துணைதான். அதற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மூன்று மூட்டைக்குத் திட்டத்தான் போகிறேன்.

ஒரே நாளில் அலமாரியைக் காலி செய்துவிட்டு, அடுத்து அதைப் புதிதாக நிரப்பப் போகிறீர்கள். இதில் எங்கே அம்மா நிதானம் இருக்கிறது? 2007-இல் கேட் ஃப்ளெட்சர் என்ற ஆய்வாளர் அவசர உணவுக்கு எதிராக எழுந்த ஸ்லோ ஃபுட் இயக்கத்தை மனதில் வைத்து ஸ்லோ ஃபேஷன் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நல்ல துணியாகப் பார்த்து இன்னொரு தடவை வாங்குங்கள் என்பதற்காக அல்ல. ஏற்கெனவே நெய்து, சாயம் போட்டு, தைத்து முடித்த உடை உங்கள் கையில் இருக்கிறது. அதற்குச் செலவான தண்ணீரும் மின்சாரமும் ஒருத்தியின் கண்பார்வையும் இனித் திரும்பி வராது. அதைப் போடாமல் தூக்கிக் கொடுத்தால் என்ன மிச்சம்?

"யாருக்காவது கொடுத்துவிட்டு" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் கன்டமான்டோ என்றொரு பழைய துணிச் சந்தை இருக்கிறது. உலகம் "யாருக்காவது" என்று கொடுத்தது பேல் பேலாக அங்கே போய் இறங்குகிறது. அந்த உடைகளுக்கு அங்கே 'ஒப்ரோனி வாவு' என்று பெயர், செத்துப்போன வெள்ளைக்காரனின் உடை என்று அர்த்தம். யாராவது செத்தாலொழிய இத்தனை துணியை வெளியே கொடுப்பார்களா என்று அந்த மக்கள் நினைத்திருக்கிறார்கள். இப்போது வருவதில் விற்கவே லாயக்கில்லாதது நிறைய, அது சாக்கடைக்கும் கடற்கரைக்கும் போகிறது. மறுசுழற்சி செய்வார்களே என்று சொல்லாதீர்கள். பருத்தியும் பாலியெஸ்டரும் ஒரே நூலாக முறுக்கப்பட்டுவிட்டால் அவற்றைப் பிரித்தெடுப்பது லேசான வேலை இல்லை. பழைய உடை மறுபடி உடையாக மாறுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

பருத்தியா லினனா என்று கேட்டீர்கள். எதுவானாலும் சரி, பத்து வருஷம் போடுங்கள். வசதியுள்ளவர்களுக்கு மட்டுமா என்றால், வசதியில்லாதவர்கள்தான் காலங்காலமாக இப்படி வாழ்ந்து காட்டியவர்கள், அதைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை.

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு சட்டைக் காலரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு சாம்பல் நிறச் சட்டை இருந்தது. மடிப்பு கழுத்தில் உரசி உரசிக் காலர் பிசிர்விட்டுவிட்டது. அம்மா ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, காலரும் பட்டியும் சேரும் தையலை ஒவ்வொரு கண்ணியாக அறுத்தாள். துணியில் ஒரு கீறல் விழவில்லை. காலர் தனியாகக் கையோடு வந்தது. அதைத் திருப்பி, நைந்த பக்கம் உள்ளே போகும்படி வைத்து, பழைய ஊசித் துளைகளின் மேலேயே மறுபடி தைத்தாள். முடிந்தபோது கழுத்து புதுசாக இருந்தது. வெயில் படாத பக்கமல்லவா, அதனால் காலர் மட்டும் சட்டையைவிடக் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது. வகுப்பில் ஒருவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். அன்று முழுக்கக் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி டிரங்குப்பெட்டிக்குப் பின்னால் திணித்தேன். இரண்டு நாள் கழித்து அது துவைத்து, தேய்த்து, என் மற்ற துணிகளின் மேல் இருந்தது. அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன மாதம் என் சட்டை ஒன்றில் காலர் பிசிர்விட்டது. வாங்கி பதினோரு மாதம்தான். அம்மா செய்ததுபோலவே பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலருக்குள் இருந்த விறைப்புத் துணி பசையால் ஒட்டியது, அது ஏற்கெனவே குமிழ்விட்டிருந்தது. தையலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பிடித்துத் தைக்கத் துணியே இல்லை, நகக்கண் அகலம்கூட விடவில்லை. ஊசி ஏறியதும் ஓரம் இழை இழையாகக் கையில் வந்துவிட்டது. திருப்பித் தைக்க வழியே வைக்காமல் அந்தச் சட்டையைத் தைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது நிர்மலா.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கடையில் உடையை வெளிப்பக்கம் பார்க்காதீர்கள், உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். துணியின் ஓரம் பிரியாமல் நூல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் ஒரு கத்தி உண்டு, தைக்கத் தைக்க ஓரத்தை நறுக்கிக்கொண்டே போகும். வேலை சீக்கிரம் முடியும், துணியும் மிச்சம். தையலுக்கு வெளியே விட வேண்டிய அரை அங்குலத் துணியை லட்சம் சட்டைக்குக் கணக்குப் போட்டால் பெரிய பணம். ஆனால் அந்த அரை அங்குலத்தில்தான் நீங்கள் கொஞ்சம் பருத்தால் பிரித்துவிடும் வசதி இருந்தது, நைந்தால் பிடித்துத் தைக்கும் வசதி இருந்தது. பக்கவாட்டுத் தையலில் விரல் வைத்துப் பாருங்கள், கீழ்மடிப்பில் எவ்வளவு துணி உள்ளே இருக்கிறது என்று பாருங்கள், மாற்றுப் பட்டன் ஒன்று வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எந்தத் துணி என்ற கேள்வியெல்லாம் அப்புறம்தான்.

என்ன பலன் என்று கேட்டதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2013 ஏப்ரல் 23-ஆம் தேதி வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் விட்டது. கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். மேலே தையல் ஆலைகளில் இருந்தவர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். ஆர்டர் குறித்த தேதியில் கப்பலேற வேண்டும் என்ற நெருக்கடி இல்லாமலா அவர்களை உள்ளே அனுப்பியிருப்பார்கள்? உடைக்கு அவசரப்படுகிறவர்கள் குறைந்தால் அந்த நெருக்கடியும் குறையும். இதைவிட வேறென்ன பலன் வேண்டும்?

சரி, மூட்டையைப் பிரித்து அந்த நீலச் சட்டையை எடுங்கள். மெஷின் பட்டன் பெரும்பாலும் ஒற்றை நூல் சங்கிலித் தையல், முனையை இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். இரட்டை நூல் கோத்து, பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி வைத்து ஐந்தாறு தடவை குத்தியெடுங்கள். குச்சியை உருவிவிட்டு, பட்டனுக்கு அடியில் நூலை நாலு சுற்று இறுக்கிச் சுற்றி, ஊசியை உள்பக்கம் விட்டு முடிச்சுப் போடுங்கள். மற்ற பட்டன்களிலும் நூல் முனை தொங்கினால் இழுத்துவிடாதீர்கள், உள்பக்கத்தில் இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள். அடுத்த முறை தூக்கம் வராத ராத்திரியில் இதைச் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள், விலைச்சீட்டு பிரிக்காத அந்த ஆறேழு உடைகளைப் பற்றி அப்போது பேசுவோம்.