கொல்கத்தாவைத் தனியாக, நடந்து, குறைந்த செலவில் பார்க்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெருநகர் ஒன்றைத் தனியாக நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் ஊர் கொல்கத்தாதான். பார்க்க வேண்டிய இடங்கள் பலவும் ஆற்றுக்கும் மெட்ரோ பாதைக்கும் இடைப்பட்ட ஒரு குறுகலான பட்டையில் நெருக்கமாக அமைந்திருப்பதால், குறைந்த பணம் வைத்திருப்பவருக்கு அது மிகவும் இசைவான ஊர். அதைப் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ரயில் கட்டணம் போக, ஐந்து இரவுகளுக்கு 7,000 ரூபாய்தான் என்னிடம் இருக்கிறது. போதுமா? எதில் மிச்சம் பிடிக்கலாம்? (கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

போதும். ஆனால் அறை வாடகையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். முதன்முறை போனபோது, நாளுக்கு 200 ரூபாய் குறைகிறதே என்று நகரின் வட எல்லையில் ஓர் அறை எடுத்தேன். மிச்சமான பணம் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் போய்விட்டது. அதைவிடப் பெரிய இழப்பு, மதியம் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் படுத்து எழ முடியாமல் போனதுதான். நடந்து பார்ப்பவருக்கு அந்த இரண்டு மணி நேரம் இல்லையென்றால் மாலை நேரமே இல்லை என்று பொருள்.

ஆகவே கையிலுள்ள பணத்தில் பாதியை, அதாவது இரவுக்கு 700 ரூபாய் வீதம் 3,500 ரூபாயை, தங்குவதற்கு ஒதுக்குங்கள். எஸ்பிளனேடு, பார்க் ஸ்ட்ரீட் ஆகிய மெட்ரோ நிலையங்களிலிருந்து நடக்கும் தொலைவிலுள்ள சடர் ஸ்ட்ரீட் பகுதியில் நெடுங்காலமாகவே மலிவான லாட்ஜுகளும் டார்மிட்டரிகளும் இருக்கின்றன. பணம் கொடுக்கும் முன் அறையைப் பார்த்து, குழாயைத் திறந்து, கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். மீதியில் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய், மெட்ரோவுக்கும் படகுக்கும் நாளொன்றுக்கு 60 ரூபாய், நுழைவுக் கட்டணங்களுக்கு மொத்தமாக 500 ரூபாய் என்று வைத்தால், 1,200 ரூபாய் கையில் நிற்கும். அந்தப் பணத்தைத் தனி உறையில் போட்டு, பையின் அடியில் வைத்துவிடுங்கள். தனியாகப் போகிறவருக்குக் கடன் கொடுக்க உடன் யாரும் இருக்கமாட்டார்கள்.

இன்னொன்று: கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 2022 முதல் ஹவுராவுக்குப் போகாமல் ஷாலிமார் நிலையத்துக்குப் போகிறது. சென்னை மெயில் ஹவுராவுக்கே போகிறது. ஹவுராவில் இறங்கினால், 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் செல்லும் மெட்ரோவில் ஏறிச் சில நிமிடங்களில் எஸ்பிளனேடு சேர்ந்துவிடலாம். நிலையத்துக்கு வெளியே சூழ்ந்துகொள்ளும் வாடகைக் கார்க்காரர்களிடம் பேச்சுக் கொடுக்கவே தேவையில்லை.

எனக்கு 24 வயது. வங்காளியும் தெரியாது, இந்தியும் அரைகுறை. ஒரு பெண் அங்கே தனியாக நடக்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பகலில் தயங்காமல் நடக்கலாம். மாலையில் இடமறிந்து நடக்க வேண்டும். பார்க் ஸ்ட்ரீட், நியூ மார்க்கெட், கரியாஹாட் ஆகிய கடைத்தெருக்களில் இரவு எட்டரை, ஒன்பது வரை குடும்பத்துடன் வரும் கூட்டம் இருக்கும். பி.பா.தீ. பாக் என்னும் அலுவலகப் பகுதியோ, அலுவலகங்கள் மூடியதும் வெறிச்சோடிவிடும். மைதான் புல்வெளியையும் ஆற்றங்கரைப் படித்துறைகளையும் இருட்டிய பிறகு தவிர்த்துவிடுங்கள். நடந்து பார்க்கும் பயணத்துக்கு உகந்தது விடியற்காலைதான். காலை ஆறு மணிக்கே தெருவில் தேநீர்க் கடைகள் திறந்திருக்கும், பெண்களும் நடமாடிக்கொண்டிருப்பார்கள், வெயிலும் இருக்காது.

சிறு லாட்ஜுகள் சில, தனியாக வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்று நேரில் போன பிறகு கைவிரிப்பதுண்டு. புறப்படும் முன்பே தொலைபேசியில் பேசி, "ஒரே ஆள், பெண்" என்று தெளிவாகச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். மெட்ரோவிலும் பேருந்திலும் பெண்களுக்கென்று ஒதுக்கிய இருக்கைகள் உண்டு. அவசர உதவிக்கு 112 என்ற எண் எங்கும் செல்லும்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆண்களைத் "தாதா" என்றும் பெண்களைத் "தீதி" என்றும் அழைத்துவிட்டு இடத்தின் பெயரைச் சொன்னாலே வழி கிடைக்கும். பதிலில் "டான் திகே" என்று வந்தால் வலப்பக்கம், "பா திகே" என்றால் இடப்பக்கம், "சோஜா" என்றால் நேராக. விலை கேட்க "கொதோ?" என்ற ஒரு சொல் போதும். வழியைத் தெருவில் போகிறவரிடம் கேட்காமல் கடைக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். அவர் உங்களைப் பின்தொடர்ந்து வரப்போவதில்லை, அந்தத் தெருவையும் நன்றாக அறிந்தவர்.

ஒரே ஒரு நாள் மட்டும் நடக்க முடியும் என்றால் எந்த வழியைச் சொல்வீர்கள்? (வங்கி ஊழியர், சேலம்)

வட கொல்கத்தாவைத்தான் சொல்வேன். விக்டோரியா நினைவு மண்டபத்தைப் பார்க்காமல் வரலாமா என்று உறவினர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தச் சலவைக்கல் மண்டபத்தைப் படத்தில் பார்த்தாலும் பாதி பார்த்ததாகிவிடும், வட கொல்கத்தாவின் தெருக்கள் நடந்தால் மட்டுமே கிடைக்கும்.

காலையிலேயே ஷியாம்பஜார் மெட்ரோவில் இறங்கி, பாக்பஜார் பக்கமாக நடந்து, போஸ்பாரா சந்துக்குள் நுழையுங்கள். சகோதரி நிவேதிதை 1898இல் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கியது இந்தச் சந்தில்தான். பாரதி தம் குருவாக வணங்கி, 'ஸ்வதேச கீதங்க'ளைக் காணிக்கையாக்கிய அதே நிவேதிதை. அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. அந்த நேரத்தில் திறந்திருக்காது என்றாலும், தமிழ் படித்த ஒருவர் அந்த வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவது தகும்.

அங்கிருந்து தெற்கே சிறிது தொலைவில் குமார்துலி, சிலை செய்கிறவர்களின் குடியிருப்பு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளின் இருபுறமும் பட்டறைகள். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தலையும் விரல்களும் இல்லாத உடல்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். அதன்மேல் ஆற்றுக் களிமண்ணைப் பூசிக் காயவிட்டு, வெடித்த இடங்களில் களிமண் குழம்பில் தோய்த்த துணியை ஒட்டி, மறுபடியும் பூசுவார்கள். விரல்கள் தனியாக உருட்டப்பட்டு ஒரு பலகையில் காய்ந்துகொண்டிருக்கும். கொஞ்சம் பொறுமையாக நின்றால், ஈர மண்ணை மூங்கில் சீவுளியால் இழைத்து ஒரு கன்னம் உருவாவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம். சிலர் சிறு கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

குமார்துலியிலிருந்து ரவீந்திர சரணி என்னும் சாலை வழியாகத் தெற்கே போகாமல், ஆற்றங்கரைச் சாலைக்கு இறங்கிவிடுங்கள். இடைப்பட்ட பகுதியில் பாலியல் தொழிலாளர்கள் வாழும் சோனாகாச்சி இருக்கிறது. அங்கே இருப்பவர்களை வேடிக்கை பார்க்கச் செல்வது கண்ணியமல்ல. ஆற்றங்கரை வழியில் குளியல் படித்துறைகளும், தண்டவாளத்தை ஒட்டிய சிறு கோயில்களும், மல்யுத்தம் பழகும் இடங்களும் வரும். அதைத் தாண்டி நீம்தலா எரிதுறை. 1941இல் தாகூரின் உடல் எரியூட்டப்பட்டது இங்கேதான். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் அவர் பிறந்து, மறைந்த ஜோராசாங்கோ இல்லத்தை ஏறத்தாழப் பத்தரை, பதினொரு மணிக்கு அடைவீர்கள். இன்று அது அருங்காட்சியகம், திங்கட்கிழமை விடுமுறை. அவர் கடைசி மூச்சு விட்ட அறையில் அமைதியாக நிற்க முடிகிற அளவுக்குத்தான் அங்கே கூட்டம் இருக்கும்.

பிறகு ரவீந்திர சரணியில் நடங்கள். மகாத்மா காந்தி சாலைச் சந்திப்பை நெருங்கும்போது, திருமண ஊர்வலங்களுக்கு வாசிக்கும் பேண்டு குழுக்களின் சின்னஞ்சிறு அலுவலகங்கள் வரிசையாக வரும். சுவரில் சீருடையும் எக்காளமும் தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டினால் அத்தர் கடைகள், சிவந்த கல்லில் ஓங்கி நிற்கும் நக்கோடா மசூதி. அங்கிருந்து கிழக்கே காலேஜ் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய், காபி ஹவுஸ் மாடியில் ஒரு காபியுடன் முடித்துக்கொண்டு, மெட்ரோ பிடித்து அறைக்குத் திரும்பி உறங்குங்கள். நடந்தது ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். வண்டிச் செலவு இரண்டு மெட்ரோ டிக்கெட்.

நான் சுத்த சைவம். வங்காளத்தில் பட்டினிதான் கிடக்க வேண்டும் என்கிறார்கள். (வாசகர், மயிலாடுதுறை)

இல்லை. காலையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும் தெருவுக்குத் தெரு கிடைக்கும். கச்சோரி என்று சொல்லாமல் "கொசூரி" என்று கேளுங்கள். மதியம் "பைஸ் ஹோட்டல்" எனப்படும் பழைய சாப்பாட்டுக் கடைகளில் சோறு, பருப்பு, பொரியல் எனத் தனித்தனியாக விலை போட்டுக் கொடுப்பார்கள். வாழையிலைக்குக்கூடத் தனி விலை உண்டு. வேண்டியதை மட்டும் வாங்கலாம் என்பதால், கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறவருக்கு மிகவும் ஏற்றவை. காலேஜ் ஸ்ட்ரீட்டை ஒட்டிய பவானி தத்தா சந்தின் ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல் அவற்றுள் பெயர் பெற்றது.

ஓர் எச்சரிக்கை: அங்கே பருப்பில் மீன் தலையும், முட்டைக்கோஸ் கறியில் இறாலோ மீனோ சேர்ப்பது வழக்கம். கறியின் பெயரைப் பார்த்துச் சைவம் என்று முடிவு செய்யாதீர்கள். "நிராமிஷ்" என்ற சொல்லைச் சொல்லுங்கள். வங்காள வழக்கில் அது வெங்காயமும் பூண்டும்கூட இல்லாத சைவ உணவைக் குறிக்கும். இரண்டு நாளில் நாக்கு இட்லிக்கு ஏங்கினால், காளிகாட் மெட்ரோவுக்கு அருகே லேக் மார்க்கெட் பக்கம் போங்கள். தலைமுறைகளாகத் தமிழர் வாழும் பகுதி அது. தோசையும் காபியும் கிடைக்கும், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்பவரைப் பார்க்கலாம்.

வெளிப்படையாகக் கேட்கிறேன். நாள் முழுவதும் நடந்தால் கழிப்பறைக்கு என்ன செய்வது? (ஆசிரியை, விருதுநகர்)

கேட்டதற்கு நன்றி. பெண்கள் பலர் இதற்கு அஞ்சியே தண்ணீர் குடிக்காமல் நடந்து, மூன்றாம் நாள் காய்ச்சலோடு படுத்துவிடுகிறார்கள். நடக்கும் வழியைத் திட்டமிடும்போதே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை உள்ள ஓரிடம் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம், பெரிய ரயில் நிலையம், பேரங்காடி ஆகியவை நம்பத்தக்கவை. எஸ்பிளனேடு பகுதியில் நடக்கிறபோது இந்திய அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் வாங்குவது இந்த வகையிலும் பயனுள்ளது. 1814இல் தொடங்கப்பட்ட அந்த இடத்தில் பர்ஹுத் பௌத்தத் தூபியின் சிவந்த கல்வேலியைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். கட்டணக் கழிப்பறைகளுக்காகச் சில்லறையும், ஒரு சிறு சோப்பும், தாள் கைக்குட்டைகளும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

கைப்பேசி வரைபடத்தில் இருக்கும் தெருப்பெயர், அங்கே கேட்டால் யாருக்கும் தெரியவில்லையே? (வாசகர், கோவை)

பெயர்கள் மாறிவிட்டன, மக்களின் பேச்சு மாறவில்லை. பலகையில் மதர் தெரசா சரணி என்றிருப்பது பேச்சில் பார்க் ஸ்ட்ரீட். ஷேக்ஸ்பியர் சரணி தியேட்டர் ரோடு. ஜவாஹர்லால் நேரு சாலை சௌரங்கி. ரவீந்திர சரணி சித்பூர். பி.பா.தீ. பாக் டல்ஹௌசி. எஸ்பிளனேடைத் தர்மதலா என்பார்கள். இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். கைப்பேசி அணைந்துபோனாலும் அது உதவும்.

வயது 61, சர்க்கரை உண்டு, மூட்டும் சற்று வலிக்கும். நான் போகலாமா? (ஓய்வுபெற்றவர், தஞ்சாவூர்)

மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போய் வாருங்கள், ஐயா. நாளுக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, மீதியைப் படகுக்கு விட்டுவிடுங்கள். ஹவுரா பாலத்தின் கொல்கத்தா முனையில், படியிறங்கினால் மல்லிக் படித்துறைப் பூச்சந்தை. காலை ஏழு மணிக்கு, கயிறு போலச் சுருட்டிய செண்டுமல்லி மாலைகளைத் தலையிலும் தோளிலும் சுமந்தபடி ஆட்கள் விரைந்து வருவார்கள். தரை முழுவதும் நசுங்கிய பூவும் தண்ணீருமாக வழுக்கும் என்பதால், பிடிமானமுள்ள செருப்பு கட்டாயம். பிறகு பாலத்தை மெல்ல நடந்து கடந்து (1943இல் திறக்கப்பட்ட 705 மீட்டர் நீளப் பாலம் அது), ஹவுரா படகுத்துறையிலிருந்து கொல்கத்தா பக்கமுள்ள பாபுகாட் படித்துறைக்குப் படகில் வாருங்கள். சிறு கட்டணத்தில், அமர்ந்தபடியே பாலம் முழுவதையும் பார்க்கலாம். வங்காள இனிப்புக் கடைகளின் முன்னால் மட்டும் உறுதியாக இருங்கள். கையில் பிஸ்கட்டும், மருத்துவர் சீட்டின் நகலும் இருக்கட்டும்.

எந்த மாதம் போவது? துர்கா பூஜைக்குப் போனால் செலவு கூடுமா? (வாசகி, புதுச்சேரி)

நவம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி வரை நடப்பதற்கு மிக நல்ல காலம். ஏப்ரல், மே மாதப் புழுக்கம் சென்னைக்குச் சற்றும் குறைந்ததன்று. ஜூலை, ஆகஸ்டில் கனமழை பெய்தால் காலேஜ் ஸ்ட்ரீட் முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்கும்.

பூஜை நாள்களில் அறை வாடகை கட்டாயம் கூடும். மூன்று மாதம் முன்னரே பதிவு செய்ய வேண்டும். ஆனாலும், பணம் குறைவாக உள்ளவர்கள் அந்த நாள்களை ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நூற்றுக்கணக்கான பந்தல்கள், பெரும்பாலும் கட்டணமின்றி, இரவு முழுவதும் திறந்திருக்கும். நள்ளிரவிலும் குடும்பங்களாக நடக்கும் மக்கள் வெள்ளத்தில் தனியாள் தனியாக இருப்பதில்லை. மகாளயத்துக்கு இரண்டு வாரம் முன்னர் போனால் இன்னும் நல்லது. வாடகை ஏறியிருக்காது, குமார்துலியில் வேலை உச்சத்தில் இருக்கும், முடிந்த சிலைகளை மூங்கிலில் கட்டிப் பத்துப் பன்னிரண்டு பேர் சந்து வழியே தூக்கி வருவதைச் சுவரோடு ஒட்டி நின்று பார்க்கலாம்.