2001இல் அமெரிக்க பேஸ்பால் அணியான சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டம் வென்றது இசிரோ என்ற ஒரு வீரரால்தானா? அப்படியானால் இறுதித் தொடரான உலகத் தொடருக்கே ஏன் போகவில்லை?

இல்லை. இசிரோ இல்லாமலும் அந்த அணி 100ஐத் தாண்டியிருக்கும் என்பது என் கணிப்பு. இசிரோ ரசிகர்கள் சண்டைக்கு வருமுன் மீதியையும் படித்துவிடுங்கள்.

கேள்வியில் அவர் பெயர் மட்டுமே இருப்பதால், நீங்கள் கிரிக்கெட் பார்த்துப் பழகி, யூடியூப் துணுக்குகள் வழியாக பேஸ்பாலுக்கு வந்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏப்ரல் 11 அன்று ஓக்லண்டில் ரைட் ஃபீல்டிலிருந்து எறிந்து, மூன்றாம் பேஸுக்கு ஓடிய டெரன்ஸ் லாங்கை அவுட்டாக்கினாரே, அந்த வீசல் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் துணுக்கை வைத்து ஒரு சீசனை எடைபோட முடியாது. 162 ஆட்டத்துக்கு முதலில் பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள்: அணி எடுத்த ரன், விட்ட ரன்.

மரினர்ஸ் எடுத்தது 927, விட்டது 627. 927இன் வர்க்கத்தை, இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வரும் தொகையால் வகுத்து, 162ஆல் பெருக்குங்கள். எதிர்பார்க்கத்தக்க வெற்றி 111 என்று வரும். மிச்சம் ஐந்து வெற்றிக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டமும், நெருக்கமான ஆட்டங்களைக் கைவிடாத புல்பென்னும் (தொடக்க பிட்சருக்குப் பின் வீச வருபவர்கள்) காரணம். ஆர்தர் ரோட்ஸ் 8 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை, ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட சராசரி ரன்) 1.72. கடைசி இன்னிங்ஸுக்கு வந்த கசுஹிரோ சசாகிக்கு 45 சேவ், அதாவது முன்னிலையைக் கடைசிவரை காத்த ஆட்டங்கள்.

இந்த 927இல் இசிரோவின் பங்கு பெரியதுதான். சராசரி .350, 242 ஹிட் (அடித்து பேஸ் ஏறியது), 56 ஸ்டீல் (அடி இல்லாமலே அடுத்த பேஸைத் திருடி ஓடியது). அறிமுக வீரர், சிறந்த வீரர் விருதுகள் இரண்டையும் ஒரே வருடத்தில் வாங்கினார். அவருக்கு முன் அதைச் செய்தவர் 1975இல் ஃப்ரெட் லின் மட்டும். ஆனால் வாக் (நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச பேஸ்) வெறும் 30, ஹோம் ரன் 8. அவுட்டாகாமல் அவர் பேஸில் நின்ற விகிதம் .381. ஜான் ஒலெருட் .401, எட்கர் மார்ட்டினெஸ் .423. முதல் ஆள் ஏறி நின்றால் போதாது, பின்னால் வருபவர்களும் அவுட்டாகாமல் இருக்க வேண்டும். நின்றவர்களை வீடு சேர்த்தவர் பிரெட் பூன்: .331, 37 ஹோம் ரன், 141 ஆர்பிஐ (அவர் ஆட்டத்தால் அணிக்கு வந்த ரன்). மரினர்ஸ் ஆடும் அமெரிக்கன் லீகிலேயே அதுதான் அதிகம், அதுவும் ஒரு இரண்டாம் பேஸ்மேனிடமிருந்து. மைக் கேமரன் இன்னொரு 110. மார்க் மெக்லெமோர் என்று ஒருவர், இன்ஃபீல்டோ அவுட்ஃபீல்டோ, காலியான இடத்தில் நின்று 39 ஸ்டீல் எடுத்தார். அவரைப் பற்றித் துணுக்கு கிடைக்காது.

விட்ட ரன் 627தான் எனக்கு அதைவிட முக்கியம். பிட்சர் ஃப்ரெடி கார்சியா 18 வெற்றி, 6 தோல்வி, ஈஆர்ஏ 3.05, லீகிலேயே குறைவு. ஜேமி மோயருக்கு அப்போது 38 வயது, வேகமான பந்தே மணிக்கு 130 கி.மீ. சுமார்தான், ஆனாலும் 20-6. இப்படிப்பட்டவர் பந்தை மட்டையில் பட விட்டுத்தான் ஜெயிக்கிறார். பட்ட பந்தைப் பிடிக்க சென்டர் ஃபீல்டில் கேமரனும் ரைட்டில் இசிரோவும் ஓடினார்கள், இருவரும் அந்த வருடம் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் விருது வாங்கியவர்கள். இசிரோவின் உண்மையான மதிப்பில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பேன்.

சிறந்த வீரர் வாக்கெடுப்பில் அவர் 289 புள்ளி, ஓக்லண்டின் ஜேசன் ஜியாம்பி 281. பேஸில் நின்ற விகிதம் .477, ஹோம் ரன் 38 என்று வைத்திருந்த ஜியாம்பிக்கு அந்த விருது போயிருக்க வேண்டும். இதை எழுதினால் திட்டு விழும், தெரியும்.

இனி தோல்வி. ஒரு ஆட்டத்தில் 60 சதவீத வாய்ப்புள்ள அணி, ஐந்து ஆட்டத் தொடரை 68 சதவீதமும் ஏழு ஆட்டத் தொடரை 71 சதவீதமும் வெல்லும். சீசனுக்குப் பின் ஐந்து, ஏழு, கடைசியாக உலகத் தொடரின் ஏழு என மூன்றையும் அடுத்தடுத்து வென்று பட்டம் வாங்க 34 சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்கு. 'பதற்றத்தில் சொதப்பினார்கள்' என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அதோடு பிட்சர் வரிசை கலைந்தது. கிளீவ்லண்டுடன் நடந்த முதல் தொடர் ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்தது. நான்காவதில் கார்சியா, ஐந்தாவதில் மோயர் என்று இருவரும் செலவானார்கள். இரண்டே நாளில் நியூயார்க் யாங்கீஸுடன் ஏழு ஆட்டத் தொடர். முதல் ஆட்டத்தில் ஏரன் சீலி வீச வேண்டியிருந்தது, 4-2 தோல்வி. மறுநாள் கார்சியா வந்தும் 3-2 தோல்வி. மோயர் மூன்றாவது ஆட்டத்துக்குத்தான் கிடைத்தார், அது 14-3 வெற்றி. நான்காவதில் பால் அபட் ஐந்து இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூட விடவில்லை, ஆனால் எட்டு வாக் கொடுத்துக் களைத்தார். எட்டாவது இன்னிங்ஸில் பூன் ஹோம் ரன் அடித்து 1-0. உடனே ரோட்ஸின் பந்தில் பெர்னி வில்லியம்ஸ் சமன் செய்தார். ஒன்பதாவதில் சசாகியை சொரியானோ அடித்து 3-1இல் முடித்தார். ஆறு மாதம் அணியைக் காப்பாற்றிய அதே இரண்டு ரிலீவர்கள். ஐந்தாவது 12-3 தோல்வி, கதை முடிந்தது. ஷார்ட்ஸ்டாப் கார்லோஸ் கியென் செப்டம்பர் கடைசியில் காசநோயில் படுத்ததையும் யாரும் சொல்வதில்லை.

ஆகஸ்ட் 5 அன்று இதே கிளீவ்லண்டிடம் 14-2 முன்னிலையிலிருந்து 15-14 என்று தோற்றார்களே, அதை 'முன்னறிவிப்பு' என்பவர்களை விட்டுவிடுங்கள். அதன் பிறகும் 35க்கு மேல் ஜெயித்தார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்கர் மார்ட்டினெஸ் ஃபீல்டிங் செய்யாத டெசிக்னேட்டட் ஹிட்டர் என்பதற்காக, வாக்காளர்கள் அவரை ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலின் வாசலில் பத்து வருடம் நிறுத்தினார்கள். 2010இல் 36.2 சதவீத வாக்கு, கடைசி வாய்ப்பான 2019இல் 85.4. இடையில் அவர் ஒரு பந்தும் ஆடவில்லை, ஒரு எண்ணும் மாறவில்லை.