அப்பா ஒரு பக்கம், மகன் எதிர்ப்பக்கம் என்று உள்நாட்டுப் போரில் பிரிந்த அரசியல் குடும்பம் ஏதாவது உண்டா?

உண்டு. இங்கிலாந்தில், பக்கிங்ஹாம்ஷயர் பகுதியின் கிளேடன் ஊரைச் சேர்ந்த வெர்னி குடும்பம். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றிப் படிக்கப் போய் இவர்களிடம் மாட்டிக்கொண்டேன். நைட்டிங்கேலின் அக்கா பார்த்தினோப்பி 1858இல் இந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்த 17ஆம் நூற்றாண்டுக் கடிதங்களைப் பிரித்துப் படித்து, தொகுத்து எழுதியவரும் அவர்தான்.

அப்பா சர் எட்மண்ட் வெர்னி, முதலாம் சார்லஸ் மன்னரின் கொடி தாங்கி. மூத்த மகன் ரால்ஃப், எய்ல்ஸ்பரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அப்பாவும் உறுப்பினர்தான். 1642இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டபோது ரால்ஃப் நாடாளுமன்றத்தின் பக்கமே இருந்துவிட்டார். அப்பா மன்னரிடம் போனார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மன்னரின் வாதத்தில் அப்பாவுக்கே நம்பிக்கை கிடையாது. சண்டை பிஷப்புகளின் அதிகாரத்துக்காக நடக்கிறது, அவர்கள் மேல் தனக்கு மரியாதையே இல்லை என்று நண்பர் எட்வர்ட் ஹைடிடம் சொல்லியிருக்கிறார். மன்னர் விட்டுக்கொடுத்தால் தேவலை என்பதுதான் அவருடைய ஆசை. ஆனால் கிட்டத்தட்ட முப்பது வருஷம் அவர் சோற்றைத் தின்றாயிற்று, இப்போது கைவிடுவது இழிவு என்றார். கர்ணன் கதை தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அக்டோபர் 23 அன்று எட்ஜ்ஹில் போர்க்களத்தில் கொடியோடு செத்தார். உடல் கிடைக்கவில்லை. கொடிக்கம்பைப் பிடித்தபடி துண்டான கை மட்டும் கிடைத்ததாக ஒரு கதை உண்டு.

ரால்ஃபின் தம்பி எட்மண்டும் (அப்பா பெயர்தான் இவனுக்கும்) மன்னர் பக்கம். அப்பாவும் நானும் உனக்கு எதிரியாக நிற்க வேண்டியிருக்கிறதே என்று எட்ஜ்ஹில் போருக்கு முன்பே அண்ணனுக்குக் கோபமும் வருத்தமுமாக எழுதினான். பிறகு 1649இல் அயர்லாந்தின் ட்ரோகெடாவில் கொல்லப்பட்டான்.

சரி, ரால்ஃபாவது ஜெயித்த கட்சியில் நிம்மதியாக இருந்தாரா? இல்லை. 1643இல் ஸ்காட்லாந்துக்காரர்களின் படை உதவிக்காக நாடாளுமன்றம் ஓர் ஒப்பந்தம் போட்டது. திருச்சபையை அவர்கள் பாணியில் மாற்றுவதாக உறுப்பினர்கள் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். மனசாட்சி இடம் தரவில்லை என்று மறுத்துவிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு மனைவி மக்களோடு பிரான்ஸுக்குப் போய்விட்டார். மன்னர் தரப்புக்கு அவர் கலகக்காரர்; நாடாளுமன்றத்துக்கு ஓடிப்போனவர். 1645இல் பதவி போனது, அடுத்த வருஷம் சொத்து முடக்கப்பட்டது. நம்பாத கட்சிக்காக உயிரை விட்ட அப்பாவை எல்லோரும் பாடுகிறார்கள். நம்பிய கட்சியிடமே மாட்டேன் என்ற மகனின் வீரம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் அந்த வீரத்துக்கு விலை கொடுத்தது யார்? அவர் மனைவி மேரி. பெற்றோரை இழந்த சொத்துக்காரப் பெண். 1629இல் கல்யாணமானபோது வயது 13, மாப்பிள்ளைக்கு 15. சொத்தை மீட்க ரால்ஃப் நேரில் வந்தால் கைதாகலாம் என்பதால் 1646 கடைசியில் கர்ப்பிணியான மேரி லண்டன் போனார். இந்த மாதிரிக் காரியத்துக்கு இப்போது பெண்கள்தான் லாயக்கு என்று ரால்ஃபின் தாய்மாமன் டாக்டர் டென்டன் யோசனை சொல்லியிருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் கமிட்டி கமிட்டியாக அலைச்சல், பெரிய மனிதர்களிடம் சிபாரிசு. இடையில் குழந்தை பிறந்தது. ரிச்சர்ட் என்று பெயர் வை என்று புருஷன் எழுத, மேரி கேட்காமல் ரால்ஃப் என்றே வைத்தார். கிளேடன் வீட்டைப் போய்ப் பார்த்தால் இறைச்சி சுடும் கம்பிகள் துருவேறிக் கிடக்கின்றன, இறகு மெத்தைகளை எலி தின்றிருக்கிறது. 1647இல் அந்தக் கைக்குழந்தை இறந்தது. அதே சமயத்தில் பிரான்ஸில் மகள் பெக்கும் இறந்தாள். 1648 ஜனவரியில் ஒருவழியாகச் சொத்து விடுபட்டது. மேரி பிரான்ஸ் திரும்பி, 1650இல் காலமானார். ரால்ஃப் உடலைப் பதப்படுத்தி கிளேடனுக்கு அனுப்பி வைத்தார். 1696இல் சாகும்வரை மறுமணம் செய்யவில்லை.

1653இல் ஊர் திரும்பியவரை, 1655இல் மன்னராட்சி ஒழிந்தபின் நாட்டை ஆண்ட, நாடாளுமன்றத் தரப்புத் தளபதி க்ராம்வெல்லின் ஆட்கள் மன்னர் கட்சிக்காரர் என்று சந்தேகப்பட்டுச் சிறையில் வைத்தது தனிக்கூத்து. மன்னராட்சி திரும்பியபின் 1661இல் பேரனெட் என்ற பரம்பரைப் பட்டம் கிடைத்தது, 1680களில் மறுபடி நாடாளுமன்றத்துக்கும் போனார். அப்பா வைத்துவிட்டுப் போன கடன், கல்யாணத்துக்கு நின்ற தங்கைகள் என்று வீட்டுப் பாரம் முழுக்க அவர் தலையில்தான்.

அப்புறம் இன்னொரு தம்பி டாம். வர்ஜீனியாவுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், பார்படோஸுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், திருந்தவில்லை. எங்கிருந்தாலும் பணம் கேட்டு அண்ணனுக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கும். அந்த அண்ணனுக்கும் பிறகு, 90 வயதைத் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தார்.