வாசகர் கேள்வி – பதில்: வானிலிருந்து விமானத்தளத்தைப் பார்க்கும்போது

கேள்வி பதில் பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களில் பல, இணையத்தில் கிடைக்கும் செய்மதிப் படங்களைக் கொண்டு விமானத்தளங்களில் நிற்கும் இராணுவ விமானங்களை அடையாளம் காண்பது பற்றியே கேட்டிருந்தன. ஒரு கடிதத்தின் பதில் இன்னொன்றுக்கும் உதவும் என்பதால், இம்முறை முழுப்பகுதியையும் இந்தப் பொருளுக்கே ஒதுக்குகிறேன்.

கட்டுநாயக்கா விமானத்தளத்தின் பழைய படமொன்றில் முக்கோண இறக்கை கொண்ட சிறிய விமானங்கள் தெரிகின்றன. அவை கிபிர் என்று நான் சொல்கிறேன். எஃப்-7 என்று நண்பன் சொல்கிறான். இதை எப்படித் தீர்ப்பது?
– உயர்தர மாணவர், கிளிநொச்சி

தம்பி, பெயரை முதலில் சொல்லிவிட்டு அதற்குச் சான்று தேடினால் கண் தான் விரும்பியதையே காணும். முதலில் அளந்து பாருங்கள். கணினியில் இயங்கும் கூகுள் ஏர்த் புரோ 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலுள்ள அளவுகோலைக் கொண்டு மூக்கிலிருந்து வால் வரையும், ஓர் இறக்கை நுனியிலிருந்து மற்றைய நுனி வரையும் அளக்கலாம். அளவு சரியாக வருகிறதா என்பதை முதலில் தெரிந்த ஒன்றில் சோதித்துக்கொள்ளுங்கள். கோடு வரைந்த கரப்பந்தாட்டத் திடல் உங்கள் பாடசாலையிலோ அயலிலோ இருந்தால் அது போதும். அதன் நீளம் 18 மீற்றர், அகலம் 9 மீற்றர். இஸ்ரேலில் உருவான கிபிர் போர்விமானத்தின் நீளம் 15.65 மீற்றர், இறக்கை அகலம் 8.22 மீற்றர் ஆகையால், அது ஒரு கரப்பந்தாட்டத் திடலுக்குள் முழுதாக அடங்கிவிடும்.

ஆனால் எஃப்-7 விமானமும் ஏறத்தாழ அதே அளவு கொண்டது. ஆகவே அளவு உங்கள் வழக்கைத் தீர்க்காது. பெரிய விமானங்களை விலக்கிவிட மட்டுமே அது உதவும். தீர்ப்பை வாலில் தேட வேண்டும். சோவியத் மிக்-21 போர்விமானத்தின் சீன வடிவமான எஃப்-7 இல், முக்கோண இறக்கைக்குப் பின்னால் தனியாக ஒரு சோடிச் சிறு வால் இறக்கைகள் உண்டு. மேலிருந்து பார்த்தால் பெரிய முக்கோணத்துக்கும் அந்தச் சிறு இறக்கைகளுக்கும் இடையில் ஒரு வெட்டு விழுந்தாற்போல் இருக்கும். கிபிரில் அந்த வால் இறக்கைகள் கிடையா. அதற்குப் பதிலாக, பெரிய இறக்கைக்கு முன்னால், காற்று உள்ளே செல்லும் வாய்களின் அருகே, இரு சிறு இறக்கைகள் இருக்கும். முன்னால் சிறு இறக்கையா, பின்னால் சிறு இறக்கையா என்ற ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் உங்கள் விவாதம் முடிந்துவிடும். படத்தில் அது தெளிவாகத் தெரியவில்லை என்றால், "முக்கோண இறக்கையுள்ள ஒற்றை இயந்திரப் போர்விமானம்" என்று குறித்துவிட்டு நிறுத்துவதே நேர்மையானது.

இறக்கை அகலத்தை மட்டும் நம்பினால் மிக்-27 போர்விமானம் உங்களை ஏமாற்றிவிடும். அதன் இறக்கைகளை விரித்து வைத்தால் அகலம் ஏறத்தாழ 14 மீற்றர். பின்னால் மடித்து வைத்தால் 8 மீற்றருக்கும் குறைவு. அதன் நீளமாகிய 17 மீற்றர் மட்டுமே மாறாமல் இருக்கும். சரக்கு விமானங்களில் இந்தச் சிக்கல் இல்லை: அன்ரனோவ்-32 இன் இறக்கை அகலம் 29 மீற்றர், இயந்திரங்கள் இரண்டு, சி-130 இன் அகலம் 40 மீற்றர், இயந்திரங்கள் நான்கு. ரஷ்யாவின் ரியு-95 குண்டுவீச்சு விமானத்தையோ ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார். பின்னோக்கிச் சரிந்த இறக்கைகளில் நான்கு விசிறி இயந்திரங்களைக் கொண்டு, ஐம்பது மீற்றர் அகலத்தில் நிற்கும் இன்னொரு விமானம், அதன் கடற்படை வடிவமான ரியு-142 ஐத் தவிர, இன்று சேவையில் இல்லை. அமெரிக்காவின் ஈ-3 கண்காணிப்பு விமானத்தை அதன் முதுகிலுள்ள 9.1 மீற்றர் விட்டமான வட்டத் தட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

அளவும் வடிவமும் தெரிந்த பின்னர் நிழலைப் பாருங்கள். படமெடுக்கும் செய்மதிகளில் பல, ஓர் இடத்தின் மேலாக அவ்விடத்து நேரப்படி காலை 10.30 மணியை ஒட்டியே கடந்து செல்லுமாறு அவற்றின் பாதைகள் அமைக்கப்பட்டுள்ளன. சூரியன் அப்போது கிழக்குப் பக்கத்தில் நிற்பதால் நிழல்கள் மேற்குப் பக்கமாக நீளும். மேலிருந்து பார்க்கும் படம் காட்டாத பக்கத் தோற்றத்தை இந்த நிழல்தான் காட்டுகிறது. வாலில் நிமிர்ந்து நிற்கும் தகடு எஃப்-16 இல் ஒன்று, மிக்-29 இல் இரண்டு. உடலின் மேல் ஒரு மெல்லிய கோடாகவே தெரியும் அந்தத் தகடுகளை, நிலத்தில் விழும் நிழலில் எண்ணிவிடலாம். அதே படத்தில் உயரம் தெரிந்த ஒரு கட்டடத்தின் நிழலையும் அளந்தால், உயரத்துக்கும் நிழலுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு வாலின் உயரத்தையும் கணித்துக்கொள்ளலாம். உங்கள் கணித பாடம் இதற்குத் தாராளமாகப் போதும்.

கைத்தொலைபேசியில் பார்க்கும் விமானங்கள் இப்போது அங்கே நிற்கின்றனவா?
– கடை உரிமையாளர், மாங்குளம்

இல்லை. நீங்கள் பார்ப்பது சில மாதங்களுக்கோ சில ஆண்டுகளுக்கோ முன்னர், ஒரு காலைப் பொழுதின் ஒரு கணத்தில் எடுக்கப்பட்ட படம். வரைபடத்தின் ஓரத்திலுள்ள ஆண்டு பதிப்புரிமைக்குரியதே அன்றி, படம் எடுத்த திகதி அன்று. பலர் இதனால்தான் தவறான முடிவுக்கு வருகிறார்கள். கூகுள் ஏர்த் புரோவின் கீழ்ப்பகுதியில் படத்தின் திகதி தெரியும், கடிகாரக் குறியை அழுத்தினால் அதே இடத்தின் பழைய படங்களும் வரிசையாக வரும். திகதி குறிக்காத கண்டுபிடிப்புக்கு மதிப்பில்லை என்பது என் கருத்து. இரு திகதிகளை ஒப்பிடும்போதுதான் படம் பேசத் தொடங்கும். 2022 ஓகஸ்ட் 9 அன்று கிரிமியாவின் சாக்கி விமானத்தளத்தில் வெடிப்புகள் நிகழ்ந்தபோது, விமானம் எதுவும் சேதமடையவில்லை என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது; முன்னரும் பின்னரும் எடுக்கப்பட்ட வணிகச் செய்மதிப் படங்களை அருகருகே வைத்தவர்களுக்கு, பல விமானங்கள் எரிந்து கரிந்து கிடப்பது தெரிந்தது.

ஐரோப்பாவின் சென்ரினல் செய்மதியின் படங்கள் ஐந்து நாட்களுக்கு ஒரு முறை இலவசமாக வருகின்றன. அவற்றில் போர்விமானம் ஒன்றையும் மாணவர்களுக்குக் காட்ட முடியவில்லையே? மேலும், நெடுங்கேணிக் காட்டின் மேல் நீலம், பச்சை, சிவப்பு என மூன்று நிறங்களில் ஒரு விமானம் தெரிகிறது. அது விழுந்து கிடக்கும் விமானமா?
– ஆசிரியர், மல்லாவி

சென்ரினல்-2 படத்தில் ஒரு படப்புள்ளி நிலத்தில் 10 மீற்றருக்கு 10 மீற்றர் பரப்பைக் குறிக்கிறது. கிபிர் அளவுள்ள விமானம் அதில் ஒன்றிரண்டு புள்ளிகளுக்குள் கரைந்துவிடும்; 56 மீற்றர் அகலமான அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் பி-52 என்றால் சிலுவை போன்ற ஒரு மங்கலான வடிவம் மட்டுமே தெரியும். வேர்ல்ட்வியூ-3 போன்ற வணிகச் செய்மதியின் புள்ளி 31 சென்ரிமீற்றர் என்பதால், அதே கிபிர் ஐம்பது புள்ளி நீளத்தில் விரிந்து நிற்கும். கூகுளில் தெளிவாகத் தெரியும் விமானத்தளப் படங்கள் இத்தகைய வணிகச் செய்மதிகளிலிருந்து வந்தவையே. ஆனாலும் சென்ரினலை ஒதுக்கிவிட வேண்டாம்: ஓடுபாதை நீட்டப்படுவது, புதிய தரிப்புத்தளத்துக்கு நிலம் வெட்டப்படுவது, பெரிய சரக்கு விமானங்கள் வந்து போவது ஆகியவற்றை வாரந்தோறும் கவனிக்க அதைவிட ஏற்றது இல்லை. வன்னியைப் பொறுத்தவரை, வடகீழ்ப் பருவமழைக் காலத்தின் படங்களில் முகில்களே நிறைந்திருக்கும் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

காட்டின் மேல் நீங்கள் கண்டது பறந்துகொண்டிருந்த விமானம். செய்மதி ஒவ்வொரு நிறத்தையும் சற்று வேறான கணங்களில் பதிவு செய்கிறது. காடும் குளமும் அசைவதில்லை ஆகையால் மூன்று நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிடுகின்றன. விமானமோ அந்த இடைவெளியில் முன்னேறிவிடுவதால் நிறங்கள் பிரிந்து தெரிகின்றன. வானூர்தி ஒன்று காட்டில் விழுந்து கிடக்கிறது என்று இத்தகைய படங்களை வைத்துப் பரப்பப்படும் செய்திகளை, இந்த நிறப்பிரிவைச் சுட்டியே மறுக்கலாம்.

நிற்கும் எல்லா விமானங்களும் உண்மையில் பறக்கக்கூடியவையா? ஏமாற்றுவதற்காகவும் வைப்பார்களாமே?
– ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்

நல்ல கேள்வி. பல ஆண்டுப் படங்களில் ஒரே இடத்தில் ஒரே திசையை நோக்கி அசையாமல் நிற்கும் விமானம், பெரும்பாலும் வாயிலில் காட்சிக்கு வைத்ததாகவோ, அருங்காட்சியகத்துக்கு உரியதாகவோ, பாகங்களுக்காகக் கைவிடப்பட்டதாகவோ இருக்கும். இரத்மலானையிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தைப் பார்த்து இதைப் பழகிக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ரூசோன் நகரருகே உள்ள டேவிஸ்-மொந்தான் தளத்தில் பாலைநில வெயிலில் ஆயிரக்கணக்கான பழைய விமானங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1991 இல் கையெழுத்திட்ட, அணுவாயுதங்களைக் குறைக்கும் ஸ்ரார்ட் ஒப்பந்தத்தின்படி 365 பி-52 விமானங்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டு, ஏறத்தாழ ஆறு தொன் எடையுள்ள வெட்டுக்கத்தியால் துண்டாக்கப்பட்டன. துண்டுகளை உடனே அகற்றிவிட முடியாது. மறுதரப்பின் செய்மதிகள் எண்ணிச் சரிபார்ப்பதற்காக 90 நாட்கள் வெளியில் கிடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு நாடு தன் விமானங்களை மற்ற நாட்டின் கண்ணுக்குத் தெரியும்படி வேண்டுமென்றே விரித்து வைத்த அந்த ஏற்பாடு, செய்மதிப் படத்தின் மீது வைக்கப்பட்ட நம்பிக்கையின் அளவைக் காட்டுகிறது.

இதற்கு மாறான போக்கையும் நாம் கண்டிருக்கிறோம். 2023 இல் ரஷ்யாவின் ஏங்கெல்ஸ் தளத்தில் ரியு-95 இன் வடிவம் தரிப்புத்தளத்தில் வர்ணத்தால் வரையப்பட்டிருந்தது. உண்மையான விமானங்களின் இறக்கைகள் மேல் டயர்கள் அடுக்கப்பட்டிருந்தன. வரைந்த விமானத்தை வெளிப்படுத்துவது நிழலே: நிலத்தில் பூசிய வர்ணத்துக்கு நிழல் கிடையாது. காற்று நிரப்பிய போலிக்கு நிழல் உண்டு ஆகையால் அதைப் பிரித்தறிவது கடினம். எரிபொருள் வண்டி, ஏணி, தரையில் எண்ணெய்க் கறை போன்ற வேலைத் தடயங்கள் அருகில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

பத்தாம் ஆண்டில் படிக்கும் என் மகன் கிபிரின் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்க்கிறான். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. இந்தப் பழக்கம் அவனுக்கு வேண்டுமா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

சகோதரி, உங்கள் பதற்றத்துக்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. உங்கள் தலைமுறை விமானத்தை ஓசையால் அறிந்தது. கிபிரின் இரைச்சலுக்கும், மணிக்கணக்கில் தலைக்கு மேல் சுற்றிய 'வண்டு' என்ற வேவு விமானத்தின் ரீங்காரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பதுங்கு குழிக்குள் இருந்தே சொல்லக்கூடியவர்கள் நீங்கள். ஓசையில்லாத ஒரு படத்தில் அதைப் பார்க்கும் மகனுக்கு அது தெரியாது. வீட்டில் உங்கள் கண்முன்னே அதைத் திறந்து வைக்கக் கூடாது என்று அவனிடம் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு, அவனும் கேட்டு நடக்க வேண்டும்.

ஆயினும் பழக்கத்தையே நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. போரின் இறுதிக் கட்டமான 2009 மே மாதத்தில் வெளியார் எவரும் முள்ளிவாய்க்கால் கரைக்குப் போக முடியாதிருந்த நாட்களில், அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் மே 6 ஆம், 10 ஆம் திகதிகளின் செய்மதிப் படங்களை ஒப்பிட்டு, மக்கள் தங்கியிருந்த கூடாரங்கள் பெருமளவில் இல்லாமற் போயிருந்ததையும் நிலத்தில் விழுந்திருந்த குழிகளையும் பதிவு செய்தார்கள். திகதி பார்த்து, அளந்து, ஒப்பிட்டு, தெரிந்ததை மட்டும் சொல்லும் அதே வேலையைத்தான் உங்கள் மகன் விளையாட்டாகக் கற்கிறான்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அவனிடம் சொல்லுங்கள். வெளியிடப்பட்ட படத்தை வீட்டிலிருந்து பார்ப்பது வேறு, முகாமின் வேலியருகே நின்று கைத்தொலைபேசியில் படம் எடுப்பது வேறு. தடை என்ற பலகை தொங்கும் இடத்துக்கு அவன் போகவே கூடாது.

ஓடுபாதையின் இரு முனைகளிலும் ஏன் வெவ்வேறு எண்கள்?
– மாணவி, வவுனியா

அவை திசைகாட்டியின் பாகைகள். கடைசி இலக்கத்தை விட்டு எழுதுவார்கள். ஏறத்தாழ 50 பாகையை நோக்கி ஓடும் முனையில் 05 என்றும், எதிர்முனையில் 180 பாகை கூட்டி 23 என்றும் இருக்கும். பலாலியில் இந்த இரு எண்களையும் காணலாம்.

சில தளங்களை மட்டும் மங்கலாக்கி வைத்திருப்பது யார்?
– மீன்பிடித் துறை ஊழியர், மன்னார்

சில இடங்களில் அந்தந்த நாட்டின் சட்டமோ வேண்டுகோளோ காரணம். பிரான்சின் சில விமானத்தளங்கள் கூகுளில் மறைக்கப்பட்டிருப்பது இதனால்தான். இஸ்ரேலின் கதை வேறு. அமெரிக்கா 1996 இல் கொண்டுவந்த ஒரு சட்டத் திருத்தத்தின் விளைவாக, அமெரிக்க நிறுவனங்கள் இஸ்ரேலை 2 மீற்றரைவிடத் தெளிவாகக் காட்டும் படங்களை வெளியிட முடியாதிருந்தது; 2020 இல் அந்த எல்லை 40 சென்ரிமீற்றராகக் குறைக்கப்பட்டது. ஆகவே கிபிர் உருவான நாட்டின் தளங்களை நீங்கள் மங்கலாகக் கண்டிருந்தால், முதலில் அந்தப் படத்தின் திகதியைப் பாருங்கள். மங்கல் எங்கும் ஒரே சீராக இருந்தால் அது பழைய எல்லையின் விளைவு; தளத்தின் வேலியோடு சரியாக நின்றுவிட்டால் அது வேண்டுமென்றே மறைத்தது.