நகபானனின் வெள்ளிக்காசுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சக அரசன் நகபானனின் காசுகளில் கிரேக்க எழுத்து இருப்பது ஏன்? காசுக்குக் காசு அவன் முகம் மாறுவதாகவும் சொல்கிறார்களே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: மேற்கு இந்தியாவை ஆண்ட சக மரபினரான மேற்கு சத்ரபர்களில் க்ஷஹராத குலத்தைச் சேர்ந்த நகபானன், இன்றைய குஜராத்தின் தென்பகுதியையும் மகாராஷ்டிரத்தின் நாசிக், ஜுன்னர் பகுதிகளையும் ஆண்டவன். அவனுடைய ஆட்சிக்குட்பட்ட பரூச் துறைமுகத்தில், அப்பொலோதோத்தஸ், மெனாந்தர் ஆகிய இந்தோ-கிரேக்க மன்னர்களின் பழைய காசுகள் அப்போதும் செலாவணியில் இருந்ததாக ‘எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்’ என்னும் வணிகக் கையேடு கூறுகிறது. வணிகர்களின் கை பழகிய அந்த அமைப்பிலேயே நகபானனும் காசு அடித்தான். ஒரு பக்கம் அரசனின் தலையும் அதைச் சுற்றிக் கிரேக்க எழுத்தும், மறுபக்கம் அம்பும் வஜ்ராயுதமும், அவற்றைச் சூழப் பிராமி எழுத்தும், வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டி எழுத்தும் இருக்கும். எழுத்துதான் கிரேக்கமே தவிர மொழி பிராகிருதம்; ‘க்ஷஹராத நகபான அரசனுடையது’ என்பதே மூன்று வரிவடிவங்களிலும் உள்ள செய்தி.

முகங்கள் மாறுவது உண்மை. சிலவற்றில் இளைஞனாகவும் சிலவற்றில் கன்னம் ஒட்டிய முதியவனாகவும் தெரிகிறான். மூக்கின் அமைப்பே கூட வேறுபடுகிறது. குடும்பத்தார் பலரின் உருவங்கள் இவை என்று ஒரு சாராரும், அச்சு வெட்டியவர்கள் ரோமானியக் காசுகளின் தலைகளைப் பார்த்துச் செதுக்கினார்கள் என்று வேறு சிலரும் கருதினர். எனக்கு இரண்டாவது கருத்தே பொருத்தமாகப் படுகிறது. காசுக்கு மதிப்புத் தந்தது பெயரும் வெள்ளியுமே அன்றி முகச்சாயல் அன்று.

கேள்வி: சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சாதகர்ணி, தோற்ற பகைவன் நகபானனின் காசுகளை உருக்காமல் அவற்றின் மேலேயே தன் முத்திரையை அடித்தது ஏன்? (வாசகி, மதுரை)

பதில்: நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் 1906-ஆம் ஆண்டு கிடைத்த புதையலில் நகபானனின் வெள்ளிக்காசுகள் சுமார் 13,250 இருந்தன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றில், ஒரு பக்கம் மூவளைவு மலைச்சின்னமும் சாதகர்ணியின் பெயரும், மறுபக்கம் சிலுவைக் கோடுகளின் நுனிகளில் வட்டங்கள் கொண்ட உஜ்ஜயினிச் சின்னமும் மேலடியாகப் பதிக்கப்பட்டுள்ளன. சாதவாகனர்களின் சொந்தக் காசுகள் பெரும்பாலும் ஈயத்திலும் செம்பிலும் கலப்பு உலோகத்திலும் வெளிவந்தவை என்பதை நினைவில் கொண்டால், எடையும் தரமும் சந்தையில் ஏற்கப்பட்டிருந்த வெள்ளிக்காசை உருக்கி மீண்டும் வார்ப்பது வீண் செலவு என்பது விளங்கும். ஒரே அடியில் அது புதிய அரசனின் காசாகிவிடுகிறது. சிக்கனம் மட்டுமே காரணம் என்றும் நான் சொல்லமாட்டேன். சாதகர்ணியின் தாய் கௌதமி பாலஸ்ரீயின் நாசிக் கல்வெட்டு, க்ஷஹராத குலத்தை அடியோடு அழித்தவன் என்று மகனைப் புகழ்கிறது. மேலடிக்குக் கீழே பழைய அரசனின் தலையும் எழுத்தும் அரைகுறையாகத் தெரியும் ஒவ்வொரு காசும், கல்வெட்டைப் படிக்கத் தெரியாதவனுக்கும் அதே செய்தியைச் சொல்லியிருக்கும்.

ஆனால் வென்றவர்கள் தோற்றவனின் வழக்கத்தையே மேற்கொண்டதும் நடந்தது. சாதகர்ணியின் மகன் புலுமாவி தன் தலையுருவம் பொறித்த வெள்ளிக்காசுகளை வெளியிட்டான். அவற்றில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழை ஒட்டிய தென்மொழியும் உள்ளன.

கேள்வி: அக்காலத்தில் ஒரு காசுக்கு என்ன மதிப்பு இருந்தது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: நகபானனின் மருமகன் உஷவதாதன் நாசிக் 10-ஆம் குகையில் வெட்டிவைத்த கல்வெட்டே இதற்கு நல்ல சான்று. ஒரு பொற்காசுக்கு 35 கார்ஷாபணம் என்ற கணக்கில் 70,000 கார்ஷாபணம் 2,000 பொற்காசுக்குச் சமம் என்று அது குறிப்பிடுகிறது. இங்கே சொல்லப்படும் கார்ஷாபணம் வெள்ளிக்காசு என்றே கொள்ளப்படுகிறது. அவன் நெசவாளர் சங்கம் ஒன்றில் 2,000 கார்ஷாபணத்தை மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டிக்கும், மற்றொரு நெசவாளர் சங்கத்தில் 1,000 கார்ஷாபணத்தை நூற்றுக்கு முக்கால் வட்டிக்கும் முதலாக வைத்தான். முதலை யாரும் தொடக்கூடாது, வட்டியை மட்டுமே செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. முதல் தொகைக்கு ஆண்டு வட்டி 240 ஆகிறது; மழைக்காலத்தில் குகையில் தங்கும் 20 துறவிகளுக்கு ஆடைக்காகத் தலைக்கு 12 கார்ஷாபணம் தரவேண்டும் என்று கல்வெட்டு விதிப்பது இந்தத் தொகையோடு அப்படியே பொருந்துகிறது.